தலைக்கு வைக்க வாங்கிய எண்ணெய்

"கையை இப்படி முறுக்கி வச்சிருந்தா எப்படி மதினி? செத்த தளத்தி விடுங்க."

வெங்கடேஸ்வரி பரிபூரணத்தின் விரல்களைச் சேர்த்துக் குவித்து, சோப்புத் தண்ணீர் தடவி, பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்திலும் நாத்தனார் வேலையில் அவள் குறை வைக்கவில்லை. தலை நிறைய மல்லிகை வைத்தாயிற்று. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தாயிற்று. சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறவர்களே காலையில் பார்த்துப் பார்த்துப் போட்டுவிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

பரிபூரணம் கையைக் கொடுத்துவிட்டுக் காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள்.

தொழுவில் செவலைப் பசு காலை உதறுகிறது. ஒருமுறை உதறினால் ஈ. இரண்டாவது முறையும் ஈயாக இருக்கலாம். ஆனால் இது பின்னங்காலைத் தூக்கித் தன் வயிற்றையே உதைத்துவிட்டு, குளம்பைத் தரையில் தொப்பென்று போடுகிற சத்தம். நடுநடுவே ஒரு முனகல். கதவையும் சுவரையும் ஒப்பாரியையும் தாண்டி வந்த அந்த முனகல் வீட்டில் வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

எதிரே ஐஸ் பெட்டிக்குள் சங்கரலிங்கம் படுத்திருந்தார். மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்ந்து, அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சிலும் டிவிக்கு முன்னாலும் ஓய்வெடுத்த மனிதர். நேற்று சாயங்காலம் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து, அவள் பால் கறந்து முடித்துவிட்டு வந்துதான் எழுப்பிப் பார்த்தாள்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருதேன்," என்றாள் பரிபூரணம்.

"எங்க?"

"தொழுவுக்கு."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் ஒப்பாரி ஒரு அடி தப்பி மறுபடியும் சேர்ந்துகொண்டது.

"நல்லாருக்கு மதினி நீங்க பேசுறது!" வெங்கடேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "தலைமாட்டுல உக்காந்தாச்சு. இனி அண்ணனைத் தூக்குற வரைக்கும் எந்திரிக்கப்படாது. பாக்கிறவுக என்ன பேசுவாக? மாடு எங்க போயிரப் போகுது?"

மாடு எங்கேயும் போகாது. அதனால்தான் அவளும் எங்கேயும் போனதில்லை.

ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் ரோட்டை ஒட்டிய அந்தக் கடைசித் தெருவுக்கு வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு கறவை மாடு இல்லாமல் இருந்ததில்லை. வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்வது அந்த வம்சத்துக்கே குணம். காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. அவளுக்கு உலகம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் சங்கரலிங்கம் வாங்கி, வாசித்து, மடித்து வைத்துவிட்டு, "மாட்டை யாரு பாக்க?" என்பார். அதற்கு அர்த்தம், அவர் போய் வருவார் என்பது. சங்கரன்கோவிலில் அவளுடைய அம்மா இறந்தபோது இதே மாதிரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு மத்தியானம் போன் வந்தது. "எப்பத் தூக்குவாங்களாம்? கறவைக்கு வந்துருவேல்ல?" அம்மாவைத் தூக்குவதற்கு முன்பே அவள் எழுந்து பஸ் ஏறினாள். அன்றைக்கு இருந்தது செவலையின் தாய். அப்போது எந்திரிக்கலாமா கூடாதா என்று ஒருவரும் வழக்கம் பேசவில்லை.

தொம். மறுபடியும் உதைக்கிறது.

ஆண்கள் நீர்மாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கு மகனும் பங்காளிகளும் கிணற்றில் முங்கி எழுந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வரவேண்டும். கௌதம்ராஜ் உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். ஒரே பிள்ளை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடிவீடு. மொத்தமே அரை மணி நேர பஸ் தூரம். அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று அவள் இரண்டு கறவைக்கு நடுவில் போய்த் திரும்பினாள். மாடி வராண்டாவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் கோபுரம் தெரிந்தது. மருமகள் சத்யப்பிரியா காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்தக் காபி ஆறுவதற்குள் கிளம்ப வேண்டியதாயிற்று.

நேற்று ராத்திரி அவன்தான் சொன்னான். "கருமாதி முடியவும் செவலையை வித்துட்டு எங்ககூட வந்துரும்மா. போதும் நீ பட்டது." அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புருஷன் பக்கத்தில் கிடக்கும்போது வருகிற சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அழுகிறாள் என்று நினைத்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"போயிட்டு வாரேம்மா," என்றான் இப்போது. எழுந்திருக்கப் போனவன், ஏதோ சொல்ல நினைத்து அவள் காதுப் பக்கம் குனிந்தான். "செவலைக்கு வயிறார வச்சுட்டேன். காலையில தங்கபாய் அக்கா கொண்டாந்த பொங்கல் யாரும் சாப்பிடாம அப்படியே கிடந்துச்சு. சாவு வீட்டுச் சோத்தை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாக. அண்டாவோட தூக்கிட்டுப் போயித் தொட்டியில கொட்டுனேன். என்னா பசி அதுக்கு! அப்பா மாடுல்லம்மா..."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. நேற்றிலிருந்து அழாமல் நடமாடிய பிள்ளை.

"சரிய்யா," என்றாள் பரிபூரணம். "போயிட்டு வா."

வாசலில் கொட்டுச் சத்தம் எழுந்து, தெருவில் இறங்கி, தேய்ந்துபோயிற்று.

வைக்கோலும் புல்லும் தின்கிற வயிற்றில் ஒரு அண்டா சோறு போனால் என்ன ஆகும் என்று மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே புளித்து நுரை கட்டும். காற்று வெளியே வர வழியில்லாமல் இடது பக்கம் எழும்பும். எழும்பி எழும்பி மூச்சை அடைத்து ஆளை முடித்துவிடும். கல்யாண வீட்டு மிச்சம் என்றால் தெருவே உஷாராக இருக்கும். யாராவது ஒருத்தர் "மாட்டுக்கு ஊத்திராதீக" என்று கத்துவார். சாவு வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்? அவனும் மாட்டை விட்டு விலகி எத்தனையோ வருசமாகிவிட்டது.

முழங்காலோடு முழங்கால் முட்ட ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் அவள் கால் இருந்தது. இன்னொருத்தி தோளில் கை போட்டு அழுத்தியிருந்தாள். மூச்சு விடவே இடம் இல்லை. ஐஸ் பெட்டியின் மோட்டார் கிர்ரென்று ஓடியது.

போனால் போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வரத்தான் செய்தது. எப்படியும் விற்கப்போகிற மாடு. அதன் தலையெழுத்து அப்படி என்றால் அவள் என்ன செய்ய முடியும்? எழுந்திருக்கக் கூடாது என்று கட்டிப்போட்டவர்கள் இவர்கள். அவள்மேல் எந்தப் பழியும் வராது.

பிறகு அந்தப் பழி யார்மேல் போய் விழும் என்பது உறைத்தது. நீர்மாலையிலிருந்து திரும்புகிற கூட்டத்தில் மாட்டுக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஊதிக் கிடக்கிற மாட்டைப் பார்த்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். "ஏலே, எவம்லே பொங்கலை வச்சது?" என்று கேட்பார்கள். கௌதம்ராஜ் குடத்தோடு நிற்பான். சின்ன வயசில் சைக்கிளை ஒரு கோழிக்குஞ்சின்மேல் ஏற்றிவிட்டு, இன்றுவரைக்கும் கோழிக்கறி தொடாதவன். அப்பாவைத் தூக்குகிற அன்றைக்கு அப்பா மாட்டைக் கொன்றோம் என்பதை அவன் எங்கே இறக்கி வைப்பான்?

தொழுவில் கனமாக ஏதோ சரிந்தது.

பரிபூரணம் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த கால் எப்படி வந்தது, தோளிலிருந்த கையை எப்படி உதறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுந்த வேகத்தில் பெட்டியின் தலைமாட்டில் இருந்த பித்தளைக் கிண்ணத்தையும் கையில் எடுத்திருந்தாள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் எல்லாரும் தொட்டு அவர் தலையில் வைப்பதற்காக அதில் நல்லெண்ணெய் நிறைய ஊற்றி வைத்திருந்தது.

"மதினி! அது அண்ணன் தலைக்கு வைக்க வாங்குன எண்ணெய்!" வெங்கடேஸ்வரி கத்தினாள். "ஏட்டி, பிடிங்கட்டி அவுகளை!"

யாரும் பிடிக்கவில்லை. பூவும் பொட்டுமாக எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அடுப்படி வழியாகப் போகிறவளைப் பிடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

செவலை நெஞ்சு பதியப் படுத்துக் கழுத்தை நீட்டியிருந்தது. வாயில் எச்சில் நூலாக வழிந்தது. இடது பக்க வயிறு முதுகெலும்பையும் தாண்டிப் புடைத்து நின்றது. தட்டிப் பார்த்தாள், தோல் இறுகிய கொட்டுச் சத்தம் வந்தது. கிண்ணத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு வாலைப் பிடித்து முறுக்கினாள். "எந்திரிட்டி! எந்திரி! இன்னைக்குத்தான் பாத்துப் படுக்க வந்தியாக்கும்! எந்திரி, சனியனே!" நேற்றிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பெரிய சத்தம் அது.

பின்னால் தங்கபாய் ஓடி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. அவளும் இரண்டு மாடு வைத்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துத் தூக்கினாள். இவள் வாலை முறுக்க, அவள் கயிற்றைத் தூக்க, செவலை பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்து நின்றது.

"யக்கா, டாக்டருக்குப் போன் போடுதேன். நீங்க விடாதீங்க." இடுப்பிலிருந்த செல்லை எடுத்து அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டரைப் பிடித்தாள். பேசிக்கொண்டே திரும்பினாள். "என்ன தின்னுச்சுன்னு கேக்காரு."

பரிபூரணத்தின் பார்வை தொட்டிக்குப் போய்த் திரும்பியது. தங்கபாயும் எட்டிப் பார்த்தாள். தொட்டியின் ஓரத்தில் மிளகும் சீரகமும் ஒட்டிய பொங்கல் காய்ந்திருந்தது. மூலையில் ஒரு முந்திரிப் பருப்பு. விடிகாலையில் எழுந்து அவளே கிண்டிய பொங்கல். அடுப்படி வாசலில் பெண்கள் வந்து குவிந்திருந்தார்கள். தங்கபாய் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை வாயோடு ஒட்டி வைத்து மெதுவாகப் பேசினாள். பேசி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கையாலேயே தேய்த்து, சாணிக்குழிப் பக்கம் கவிழ்த்தாள்.

"படுக்க விடக் கூடாதாம். எண்ணெயைக் குடுத்து முன்காலை மேட்டுல நிப்பாட்டச் சொல்லுதாரு. இந்தா வந்துருதேன்னாரு," என்றாள்.

எண்ணெயைப் பாட்டிலில் மாற்றினார்கள். தங்கபாய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பரிபூரணம் கடைவாய்ப் பக்கம் பாட்டிலைச் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். புரையேறிவிடக் கூடாது. இரண்டு மடக்கு போனதும் செவலை தலையைச் சிலுப்பியது. அவள் இடது கை கொம்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி, பச்சை வளையல்கள் சளசளவென்று உடைந்து விழுந்தன. மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்தது. "ஐயோ!" என்று வாசலில் யாரோ நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அவள் கையை உருவி, அதே கையால் மறுபடியும் தாடையைப் பிடித்தாள்.

பாட்டில் காலியாயிற்று. ஆப்பச் சோடாவைக் கரைத்து அதையும் கொடுத்தாள். ஒரு வேப்பங்குச்சியைக் கடிவாளம் மாதிரி வாயில் குறுக்கே வைத்துக் கொம்போடு கட்டினாள். மெல்ல மெல்ல எச்சில் ஊறி உள்ளே போகும். பிறகு துணி துவைக்கிற கல்மேடைக்கு இழுத்துப் போய் முன்னங்கால்களை அதன்மேல் ஏற்றி, இடது பக்க வயிற்றைக் கை ஓய்கிற வரைக்கும் அமுக்கி அமுக்கித் தேய்த்தாள். மல்லிகைச் சரம் அவிழ்ந்து தோளில் தொங்கியது. குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"விடும்மா... விட்டுரு... வெளிய விட்டுரு..." என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. நீர்மாலை திரும்பிவிட்டது.

செவலை கழுத்தை நீட்டியது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. பிறகு ஒரு பெரிய ஏப்பம், புளித்த நாற்றத்தோடு அவள் முகத்திலேயே அடித்தது. அடுத்து இன்னொன்று. கைக்கு அடியில் வயிறு தளர்வது தெரிந்தது. பரிபூரணம் அதன் முதுகில் முகத்தைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லையே என்று ஜாடையாகப் பேசியிருந்த பெண்கள் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

அவள் தலை நிமிர்ந்தபோது தொழுவை ஒட்டிய சந்து முனையில் கௌதம்ராஜ் நின்றிருந்தான். உடம்பெல்லாம் ஈரம். தலையில் நிறைகுடம். நீர்மாலைக் குடத்தை வழியில் இறக்கக் கூடாது. இறக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்தைத் தின்னுச்சு?" என்று அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்.

"குதிரைமசால்," என்றாள் பரிபூரணம், மூக்கைச் சிந்தியபடி. "பச்சையா. ஈரத்தோட. அவிய நேத்து அறுத்துப் போட்டது."

ஈரமாகத் தின்றால் அந்தப் புல்லும் வயிற்றை ஊத வைக்கும். சங்கரலிங்கம் அரிவாளைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பேச்சு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வளர்ந்துவிட்டது. சாகிற அன்றைக்கும் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாரே மனுசன் என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் இருந்தவர் மறுத்துச் சொல்லவில்லை.

எண்ணெய் வைக்கிற நேரம் வந்தபோது கிண்ணத்தின் அடியில் ஒரு பூச்சுத்தான் இருந்தது. வழித்து வழித்து, விரல் நுனியில் பட்டதைப் பட்டதாக நினைத்து, எல்லாரும் அவர் தலையில் வைத்தார்கள். வெங்கடேஸ்வரியும் கிண்ணத்தை வழித்து ஒரு விரல் வைத்தாள். பாடை தெருமுனையைத் தாண்டியதும் டாக்டர் பைக்கில் வந்து இறங்கி, வயிற்றுக்குள் குழாய் விட்டு மிச்சக் காற்றையும் எடுத்து, ஊசி போட்டார். இனி பயமில்லை, வைக்கோலைத் தவிர எதுவும் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் பரிபூரணத்தைக் குளிக்க வைத்தார்கள். வளையலை உடைக்க வந்தவர்களுக்கு இடது கையில் வேலை இருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சுடுகாட்டிலிருந்து திரும்பிய கௌதம்ராஜ், மொட்டைத் தலையோடு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, நான் வச்ச பொங்கலாலயா?"

"எது?"

"செவலைக்கு. வயிறு ஊதுனது. அண்டா நெறைய வச்சேனே."

"அட, போய்யா! பொங்கலு என்ன செய்யும்? குதிரைமசால்னு அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி சொன்னேன்ல? ஈரப்புல்லு. அவியளுக்கு எப்பவும் அவசரம்."

அவன் முகம் இளகியது. மூச்சை விட்டான். பிறகு அவள் கையை, கட்டுப்போட்ட அந்த இடது கையை, எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு இத்தன வருசமா தெரியாமப் போச்சும்மா. அப்பா தலைமாட்டுலருந்து எந்திரிச்சு ஓடியிருக்கே. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீ அழுததைப் பாத்தேன். நான் கோட்டிக்காரன் மாதிரி அதை வித்துருன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத. இனிமே உன்னைய அங்க வான்னு கூப்பிட மாட்டேன். செவலை இருக்கட்டும். நீ இங்கனயே உன் இஷ்டம்போல இரு. நாங்க வாரந்தவறாம வந்து பாத்துக்கிறோம்."

பரிபூரணம் வாயைத் திறந்தாள். நான் வாரேய்யா, என்னையக் கூட்டிட்டுப் போ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் கேட்பான். பிறகு ஏன்மா எந்திரிச்சு ஓடினே என்று கேட்பான்; அந்தப் பதில் பொங்கலில்தான் போய் முடியும். அவன் கண் அவள் முகத்திலேயே இருந்தது. தெளிந்த கண்.

"சரிய்யா," என்றாள்.

அடுப்படி வாசலிலிருந்து வெங்கடேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் புதிதாக ஒரு பிரியம் வந்திருந்தது.

"மதினி, கறவை நேரமாச்சுல்ல? காலையில காடாத்துக்குப் பாலு வேணும். அண்ணன் சாம்பல்ல தெளிக்க அவரு மாட்டுப் பாலே இருக்கும்போது வெளிய எதுக்கு வாங்கணும்? போங்க, பீச்சிட்டு வாங்க. மூலையிலயே உக்காந்திருக்கணும்னு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். ஒருத்தி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இன்னொருத்தி பால் செம்பைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினாள்.

தொழுவில் செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. கயிறு தளர்ந்திருந்தது. பரிபூரணம் குனிந்து முளையில் அதை இழுத்துக் கட்டினாள். அது கழுத்தைத் திருப்பி, சொரசொரத்த நாக்கை நீட்டி, எண்ணெய் வாடை போகாத அவள் இடது மணிக்கட்டைக் கட்டுக்கு மேலேயும் கீழேயும் நக்கத் தொடங்கியது. அது நக்கி முடிக்கிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.